நீளமான இங்கிலீஷ் சொல்லில் பிள்ளை தடுக்கி நின்றால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தக்கலைப் பக்கம் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள், நர்சிங் படிக்கிறவர்களும் வருவார்கள். பாடம் வேறு வேறு, பழுது ஒன்றுதான்: பத்து எழுத்துக்கு மேல் போகிற இங்கிலீஷ் சொல்லைக் கண்டதும் வாய் நின்றுவிடும். இதையே திரும்பத் திரும்பப் பார்த்ததில், எந்த அறிகுறிக்கு எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று ஒரு வரிசை கைவந்துவிட்டது. முழுவதையும் படிக்க வேண்டாம், உங்கள் பிள்ளை எங்கே தடுக்குகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

வேண்டிய சாமான்: பென்சில், மூடிப் பிடிக்க ஒரு பழைய கல்யாணக் கார்டு, போனில் ஒரு டிக்ஷனரி. இங்கே சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், நீங்கள் அவற்றை நோட்டில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். இல்லாவிட்டால் வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரியாது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த இரண்டு சோதனை

ஒன்று, தமிழ்ப் பேப்பரில் ஒரு செய்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மடமடவென்று வாசித்தால் கீழே உள்ள தலைப்புகளில் ஏதோ ஒன்றில்தான் பழுது இருக்கிறது. தமிழிலும் எழுத்து எழுத்தாகத் தட்டித் தடவினால் நடுவில் உள்ள எதையும் பார்க்க வேண்டாம், நேராகக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

இரண்டு, பத்மநாபபுரம் என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டுங்கள். பதினைந்து எழுத்து. பஸ் போர்டில் பார்த்துப் பழகிய சொல் என்பதால் எந்தப் பிள்ளையும் பயப்படாமல் வாசிக்கும். அப்புறம் அதையே பத்-ம-நா-ப-பு-ரம் என்று கோடு போட்டு வெட்டச் சொல்லுங்கள். ஆறு துண்டு வரும், துண்டுக்கு ஓர் உயிர் ஓசை. அதுதான் அசை, பள்ளிக்கூடத்தில் சிலபிள் என்று சொல்வது. அதே சொல்லை பத்மநாப, புரம் என்று இரண்டாகவும் வெட்டலாம். அது பொருள் பார்த்து வெட்டுவது. விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், பூதப்பாண்டி என்று நம் ஊர் போர்டுகளிலேயே நாலைந்து செய்து பார்த்துவிட்டால், சொல் நீளமாக இருப்பது ஒரு பழுதே இல்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

வெட்டும் வரிசை எப்போதும் ஒன்றுதான். மீன் வெட்டுவது போல வாலும் தலையும் முதலில் போகட்டும், நடுத்துண்டை அப்புறம் கூறு போடலாம். அதாவது கடைசியில் ஒட்டியிருக்கும் துண்டு, முன்னால் ஒட்டியிருக்கும் துண்டு இரண்டையும் கழற்றிவிட்டு, மிச்சம் நிற்பதை மட்டும் அசையாகப் பிரிக்க வேண்டும். நான் பார்த்த பழுதில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால், இடமிருந்து வலமாக ஒவ்வோர் அசையாக வெட்டிக்கொண்டே போவதால் வருகிறவை.

## அறிகுறி: முதல் மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடித்துவிடுகிறது

காம் என்று தொடங்கினால் எல்லாமே காம்படிஷன். கம்யூனிகேஷன், காம்பினேஷன், காம்ப்ளிகேட்டட் எது வந்தாலும் அதேதான். சுறுசுறுப்பான பிள்ளைகளிடம்தான் இது அதிகம், அதனால் பெற்றோர் சீக்கிரம் கவனிப்பதும் இல்லை.

முதல் காரணம் அவசரம். சொல்லின் முன்பாதியைக் கார்டால் மூடி, வாலை மட்டும் காட்டுங்கள். "மக்களே, பைய. கடைசியில் என்ன இருக்கு, அதை மட்டும் சொல்லு." ஷன் என்று முடியும் சொற்கள் (டி-ஐ-ஓ-என் ஆனாலும் எஸ்-ஐ-ஓ-என் ஆனாலும்), மெண்ட், நெஸ், ஃபுல், லெஸ், ஏபிள், லி, இவ்வளவும் கண்ணில் பட்டதும் வாயில் வந்துவிட வேண்டும். வாலில் தொடங்கி வாசித்தால் ஊகிக்க வழியே கிடையாது, ஏனென்றால் ஷன் என்பதை வைத்துக்கொண்டு எந்தச் சொல் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாரம் இப்படி வாலில் இருந்தே வாசிக்க வைத்தால் இந்தப் பழுது பெரும்பாலும் போய்விடும்.

போகவில்லையா, புத்தகம் கடினம் என்று அர்த்தம். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் தெரியாவிட்டால் எந்தப் பிள்ளையும் ஊகிக்கத்தான் செய்யும். ஒரு வகுப்பு கீழே உள்ள புத்தகத்தைக் கொடுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

## அறிகுறி: எழுத்து எழுத்தாகச் சொல்கிறது, சொல்லாகச் சேர்க்க வரவில்லை

ஐ, என், எஃப், ஓ என்று ஸ்பெல்லிங் ஒப்பித்துவிட்டு முகத்தைப் பார்க்கும். தமிழில் க என்றால் அந்த எழுத்துக்குள்ளேயே உயிர் இருக்கிறது, எழுத்தைச் சொன்னாலே ஓசை வந்துவிடும். இங்கிலீஷில் எழுத்தின் பெயர் வேறு, ஓசை வேறு. இதைப் பிள்ளையிடம் விளக்கிக்கொண்டு இருக்க வேண்டாம், கை வேலையாகக் கொடுத்துவிடுங்கள்.

சொல்லில் உள்ள ஏ, இ, ஐ, ஓ, யு எல்லாவற்றுக்கும் அடியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒய் கடைசியிலோ நடுவிலோ வந்தால் அதற்கும் ஒரு புள்ளி. கடைசியில் சத்தமில்லாமல் நிற்கும் இ-க்குப் புள்ளியை அடித்துவிடுங்கள். இரண்டு உயிர் ஒட்டி நின்று ஒரே ஓசை தந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு புள்ளி. இப்போது எத்தனை புள்ளியோ ஏறக்குறைய அத்தனை அசை. ஃபேன்டாஸ்டிக் என்ற சொல்லில் மூன்று புள்ளி, ஆகவே மூன்று துண்டு. இரண்டு புள்ளிக்கு நடுவே இரண்டு மெய் நின்றால் அவற்றின் இடையில் கோடு: ஃபேன்-டாஸ்-டிக். நாப்-கின், ராப்-பிட் எல்லாம் இதே கணக்கு.

இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரே ஒரு மெய்தான் நிற்கிறதா? முதலில் அந்த மெய்க்கு முன்னால் வெட்டி உயிரை நீட்டிச் சொல்லிப் பாருங்கள்: ரோ-பாட், டை-கர், ஸ்டூ-டன்ட். சொல்லாக வந்தால் சரி. லெமன் என்பதை இப்படி வெட்டினால் லீ-மன் என்று வரும், அப்படி ஒரு சொல் இல்லை, ஆகவே மெய்க்குப் பின்னால் வெட்டி லெம்-அன். ரிவர், செவன், கேபின், விசிட் எல்லாம் இந்த இரண்டாம் வகை. எது எந்த வகை என்று மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இரண்டையும் சொல்லிப் பார்த்துக் காதுக்குப் பழகியதை எடுத்தால் போதும்.

டேபிள், கேண்டில், லிட்டில் மாதிரி எல்-இ என்று முடிந்தால் பின்னாலிருந்து மூன்று எழுத்தை எண்ணி வெட்டுங்கள். டே-பிள், கேன்-டில், லிட்-டில். பிக்கிள், டிக்கிள் போன்றவற்றில் சி-கே ஜோடியைப் பிரிக்கக் கூடாது, அதை முன் துண்டிலேயே விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: வெட்டுகிறது, ஆனால் தப்பான இடத்தில்

அதிகமாக வருகிற பழுது இதுதான், இதற்குள் கிளைகளும் நிறைய.

தலையும் உடம்பும் ஒட்டிப்போய் விட்டால். எஸ்-எச் இரண்டும் சேர்ந்தால் ஷ என்று சொல்லிக் கொடுத்திருப்போம். பிள்ளை அதை நம்பி, சிறு விபத்தைக் குறிக்கும் மிஸ்-ஹேப் என்ற சொல்லை மிஷாப் என்று வாசிக்கும். டிஸ்-ஹார்ட்டன் டிஷார்ட்டன் ஆகும். எச் ஒலிக்காத டிஸ்-ஆனஸ்ட் கூட டிஷானஸ்ட் ஆகிவிடும். மிஸ், டிஸ் இரண்டும் தலை. அவற்றை முதலில் கழற்றிவிட்டால் அந்த எஸ்-உம் எச்-உம் சந்திக்கவே சந்திக்காது. ரீ-அட்ஜஸ்ட் என்பதை ரீட்-ஜஸ்ட் என்று வாசிப்பதும், எங்கும் இல்லை என்று பொருள்படும் நோ-வேர் என்பதை நவ்-ஹியர் என்று உடைப்பதும் இதே கதைதான். எச் ஒலிக்காத ஷெப்-ஹர்ட் (சொல்வது ஷெப்பர்ட்) என்ற மேய்ப்பனையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளியில் காதால் கேட்டுப் பழகிய பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடும், மற்றவை ஷெஃபர்ட் என்று சொல்லும். பி-எச் என்றால் ஃப என்பது ஒரே துண்டுக்குள் நிற்கும்போது மட்டும்தான்.

கோ என்ற தலையிலும் இப்படித்தான். கோ-ஆப்பரேட் என்பதைக் கூப்பரேட் என்றும் கோ-ஒர்க்கர் என்பதைக் கவ்-ஆர்க்கர் என்றும் வாசிக்கும். கோ-ஆப்டெக்ஸ் போர்டில் நடுவே கோடு போட்டிருப்பதால் அதை யாரும் கூப்டெக்ஸ் என்று வாசிப்பதில்லை. பிள்ளையையும் பென்சிலால் அப்படி ஒரு கோடு போடச் சொல்லுங்கள், வேறு வைத்தியம் வேண்டாம்.

பொய்த்தலை. தலையைக் கழற்றும் பழக்கம் வந்ததும் அடுத்த பழுது தொடங்கும். அங்கிள், அண்டர் இரண்டிலும் யு-என் இருக்கிறது என்று அன் என்பதைக் கழற்றப் பார்க்கும். ரீச், ரியல் இரண்டிலும் ஆர்-இ இருக்கிறது, அதையும் கழற்றும். சோதனை ஒன்றே ஒன்று: கழற்றிய பிறகு மிச்சம் நிற்பது தனிச் சொல்லாக நிற்கிறதா, தலை சேர்த்தால் வரும் பொருள் ஒத்துவருகிறதா. அங்கிளில் அன் போனால் சி-எல்-இ மிஞ்சும், அது எதற்கும் ஆகாது. யூனிஃபார்ம், அன்இம்பார்ட்டன்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டும் யு-என்-ஐ என்றுதான் தொடங்கும். இரண்டாவதில் அன் போனால் இம்பார்ட்டன்ட் முழுசாக நிற்கிறது, ஆகவே அது உண்மையான தலை. முதலாவதில் நிற்கவில்லை, அங்கே யூனி என்பதுதான் தலை, ஒன்று என்று பொருள். இந்த ஜோடியை ஒருமுறை செய்த பிள்ளை பெரும்பாலும் மறப்பதில்லை.

சில சொற்களில் தலை உண்மைதான், ஆனால் அதைக் கழற்றினால் மிச்சம் தனியே நிற்காது. ரிசீவ், டிசீவ், கன்சீவ் போன்றவை. அவற்றைப் பொருளுக்காக உடைக்காதீர்கள். வாசிக்க மட்டும் வெட்டிக்கொண்டு கடந்து போங்கள்.

நடுவில் நிற்கும் ஊமை இ. சேஃப்-எ-டி, கேர்-எ-ஃபுல், சம்-எ-திங் என்று அந்த இ-யையும் சேர்த்து வாசிக்கும். நம் பக்கத்தில் பெரியவர்களே சிலர் சேஃபெட்டி என்றுதான் சொல்வார்கள். வாலைக் கழற்றினால் கேர், சேஃப், சம் என்ற சொற்கள் தங்கள் கடைசி இ-யோடு நிற்பது தெரியும். அந்த இ ஊமை என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். நீளமான சொல்லின் நடுவில் சந்தேகப்படும்படி ஓர் இ நின்றால் அதற்குப் பின்னால் ஒரு மூட்டு இருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள்: ஹோம்-ஒர்க், டைம்-டேபிள், லவ்-லி.

இரண்டு உயிர் ஒட்டி நின்றால். ஒன்றா இரண்டா என்ற குழப்பம். டீம், ரெயின், போட் எல்லாம் ஒன்று. லை-அன், டை-எட், சை-அன்ஸ், கிரி-ஏட், மியூ-சி-யம், ரே-டி-ஓ எல்லாம் இரண்டு. ஐ-ஏ, ஐ-ஓ, யு-ஏ என்று வந்தால் பெரும்பாலும் இரண்டாகப் பிரியும், ஷன், ஷல், ஷஸ் என்று முடியும் வால்களில் மட்டும் பிரியாது. அதற்காகத்தான் வாலை முதலில் வெட்டச் சொல்வது.

## அறிகுறி: இல்லாத உயிரைச் சேர்த்து அசையைக் கூட்டிவிடுகிறது

இஸ்கூல், இஸ்டாப். அப்புறம் பஸ்ஸு, பில்லு, பேங்கு என்று கடைசியில் ஓர் உகரம். வீட்டுப் பேச்சில் அது நம் வழக்கம், அதை மாற்றச் சொல்லவில்லை. இங்கிலீஷ் சொல்லை எண்ணும்போது மட்டும் தொந்தரவு.

தாடைக்கு அடியில் கையை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். உயிர் ஓசை வரும்போதெல்லாம் தாடை இறங்கும். பஸ் என்றால் ஒரு தரம், பஸ்ஸு என்றால் இரண்டு தரம். பிள்ளையின் கைக்கே தெரிந்துவிடும், நீங்கள் திருத்த வேண்டியதில்லை.

இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது இ-டி என்ற இறந்தகால வால். வாக்கெட், ஜம்ப்பெட், குக்கெட் என்று சொல்லாத பிள்ளை குறைவு. வினைச்சொல் ட் என்ற ஓசையில் (இங்கிலீஷில் t அல்லது d) முடிந்தால்தான் இந்த வால் தனி அசை ஆகும்: வான்ட்டட், நீடட். மற்ற எல்லாவற்றிலும் முன் அசையோடு ஒட்டிக்கொள்ளும். வாக்ட், ஜம்ப்ட், பிளேய்ட், எல்லாமே ஒரே அசை. நேக்கட், விக்கட், சேக்ரட் போன்ற சில உரிச்சொற்கள் இந்தக் கணக்கில் வராது. கண்ணில் படும்போது சொல்லிக் கொடுத்தால் போதும்.

எதிர்ப்பக்கப் பழுதும் உண்டு, அதைப் பழுதாக எடுக்க வேண்டாம். கம்ஃபர்ட்டபிள் என்று எழுத்தில் நான்கு அசை எண்ணிவிட்டு, டிவியில் மூன்றாகத்தானே சொல்கிறார்கள் என்று கேட்கும். வெஜிடபிள், சாக்லேட் எல்லாம் பேச்சில் ஓர் அசை விழுங்கப்படும் சொற்கள். எழுத்தில் ஓர் அசை கூட, பேச்சில் ஓர் அசை குறைய, இரண்டும் சரி என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

## அறிகுறி: வெட்டு சரியாக இருக்கிறது, சொன்னால் எதிரே இருப்பவருக்குப் புரியவில்லை

ஸ்கூல் பிள்ளைகளுக்கு இது பெரிதாகத் தெரியாது. வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போக இங்கிலீஷ் தேர்வு எழுதுகிற நர்ஸ் பிள்ளைகளுக்குத்தான் வயிற்றெரிச்சல். எல்லா அசையையும் ஒரே பலத்தில் சொல்லும் பழக்கம்தான் காரணம். தமிழில் அப்படிச் சொன்னால் ஒன்றும் கெடாது. இங்கிலீஷில் ஓர் அசையில் அழுத்தம் விழ வேண்டும், மற்றவை மெலிய வேண்டும்.

சரிபார்க்க எளிதான வழி இதுதான். வால் ஷன், இக், இட்டி என்று இருந்தால் வாலுக்கு நேர் முந்தின அசையில் அழுத்தம். ரெஸ்பான்ஸிபிலிட்டி என்றால் பி-யில். எஜுகேஷன் என்றால் கே-யில். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்தம், ஃபோட்டோகிராஃபர் என்றால் இரண்டாவதில், ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில். ஒரே சொல் வால் மாறும்போது அழுத்தம் இடம் மாறுவதை இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்ல வைத்தால் கேட்கலாம். விலக்குகள்: கேத்தலிக், அரபிக், பாலிடிக்ஸ் மூன்றிலும் முதல் அசையில். டெலிவிஷனும் முதல் அசையில்தான் பலமாக விழும்.

இதில் சந்தேகம் வந்தால் டிக்ஷனரியில் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிக் கேளுங்கள். என்னிடமோ வேறு டீச்சரிடமோ கேட்பதைவிட அது மேல்.

## அறிகுறி: நன்றாக வாசிக்கிறது, எழுதும்போது எழுத்து விட்டுப்போகிறது

ஓர் எஸ்-ஆ இரண்டு எஸ்-ஆ, ஓர் எல்-ஆ இரண்டா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். துண்டாகப் பிரித்து எழுத வைத்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். டிஸ் என்பதோடு அப்பாய்ன்ட் சேர்ந்தால் ஒரே எஸ்தான், இரண்டு பி. மிஸ் என்பதோடு ஸ்பெல் சேர்ந்தால் இரண்டு எஸ், ஏனென்றால் இரு பக்கமும் ஒன்று இருக்கிறது. அன் என்பதோடு நெசசரி சேர்ந்தால் இரண்டு என். ஃபைனல் என்பதோடு லி சேர்ந்தால் இரண்டு எல். கவர்ன் என்பதோடு மெண்ட். கவர்மெண்ட் என்று பேசிப் பழகியதால்தான் அந்த என் விட்டுப்போகிறது, கவர்ன் என்று துண்டைச் சொல்லிக்கொண்டே எழுதினால் போகாது. என்விரான் என்பதோடு மெண்ட், அங்கேயும் அதே என்.

இப்படிச் சேர்க்கும்போது மாறும் எழுத்துகள் மூன்றுதான் அடிக்கடி வரும். ஹேப்பி, பியூட்டி போன்ற சொற்களின் கடைசி ஒய் வால் ஒட்டும்போது ஐ ஆகும். பிலீவ் என்பதோடு இங் சேர்ந்தால் கடைசி இ விழும். ரன் என்பதோடு இங் சேர்ந்தால் என் இரட்டிக்கும். தலைப்பக்கம் பார்த்தால் இன் என்பது அடுத்த எழுத்தைப் பொறுத்து இம், இல், இர் ஆகும்: இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர்.

இது எல்லாம் செய்தும் எழுத்து விட்டுப்போகிறது என்றால் நோட்டைப் பாருங்கள். இங்கிலீஷ் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்திருக்கிறதா? அங்கே பிடித்துவிட்டீர்கள். தமிழில் ப ஒன்றுதான், pad, bad இரண்டும் பேட் என்றே வந்துவிடும், கண் தமிழைத்தான் படிக்கும், கீழே இருக்கும் இங்கிலீஷைப் பார்க்கவே பார்க்காது. அழித்துவிட்டு வெட்டுக்கோடு மட்டும் போடச் சொல்லுங்கள்.

## அறிகுறி: டிக்ஷனரி ஒரு மாதிரி வெட்டுகிறது, டீச்சர் வேறு மாதிரி வெட்டுகிறார்

பிள்ளையிடம் பழுது இல்லை. மெரியம்-வெப்ஸ்டர் போன்ற அமெரிக்க டிக்ஷனரிகளில் தலைச்சொல்லின் நடுவே போடும் புள்ளிகள், வரி முடிவில் சொல் இடம் பற்றாமல் போனால் எங்கே உடைக்கலாம் என்று காட்டுபவை. ஓர் எழுத்தைத் தனியே விட்டு உடைப்பது அழகில்லை என்பதால் அபவுட் என்ற சொல்லில் புள்ளியே இருக்காது. ஆனால் பக்கத்தில் உள்ள உச்சரிப்பு வரியில் அதே சொல் இரண்டு அசையாகத்தான் இருக்கும். அசை வேண்டுமென்றால் உச்சரிப்பு வரியைப் பாருங்கள். அமெரிக்காவில் ஓசையைப் பார்த்தும் இங்கிலாந்தில் சொல் பிறந்த விதத்தைப் பார்த்தும் வெட்டும் வழக்கம் வேறு இருக்கிறது, நாலெட்ஜ் என்பதில் அமெரிக்கர் எல்-ஐ முன் துண்டில் வைப்பார்கள், பிரிட்டிஷ் முறையில் நோ என்ற சொல் முழுசாக நிற்கும்படி வெட்டுவார்கள். பரீட்சைக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

விடைத்தாளில் வரி முடிவில் இடமில்லாமல் சொல்லைக் கண்டபடி உடைக்கிறதா? ஓர் அசைச் சொல்லை உடைக்கவே கூடாது. த்ரூ, தாட், ஸ்ட்ரெங்த் எல்லாம் எத்தனை எழுத்து இருந்தாலும் ஓர் அசைதான். மற்றதையும் உடைக்காமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், தாளில் இடம் நிறைய இருக்கிறது.

## அறிகுறி: நர்சிங் புத்தகத்துச் சொற்கள், வாசித்தாலும் பொருள் ஓர்மையில் நிற்கவில்லை

இங்கே அசை உதவாது. உறுப்பு உறுப்பாக வெட்டுங்கள், வாலில் இருந்து பொருள் சொல்லிக்கொண்டு வாருங்கள். ஐடிஸ் என்றால் அழற்சி. எக்டமி என்றால் வெட்டி எடுப்பது, ஓடமி என்றால் கீறித் திறப்பது, ஆஸ்டமி என்றால் உடம்பில் வாய் போல ஒரு திறப்பு அமைப்பது. டான்சிலைடிஸும் டான்சிலெக்டமியும் ஒரே தலை, வால் வேறு: ஒன்று நோய், ஒன்று அதற்கான ஆபரேஷன். கோலிசிஸ்டெக்டமி பயமுறுத்தும் சொல்தான். எக்டமி எடுத்துவிடு, கோலி என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை, பித்தப்பையை எடுப்பது. எலக்ட்ரோகார்டியோகிராம் பதினேழு எழுத்து, எலக்ட்ரோ, கார்டியோ, கிராம் என்று மூன்றே உறுப்பு, வாசிக்க ஏழு அசை.

ஹைப்பர், ஹைப்போ இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். ஹைப்பர்டென்ஷன் ரத்த அழுத்தம் கூடினால், ஹைப்போடென்ஷன் குறைந்தால். வாய்க்குள் முனகினால் இரண்டும் ஒரே மாதிரி கேட்கும், வார்டில் அது விளையாட்டு இல்லை. தலையை மட்டும் தனியே நிறுத்திச் சொல்லிப் பழகுங்கள். இன்ட்ரா உள்ளே, இன்டர் இடையே, இதையும் அதே கையோடு.

பொருளுக்கு வெட்டும் இடமும் வாய்க்கு வெட்டும் இடமும் ஒன்றாக இருக்காது, அதற்குக் குழம்ப வேண்டாம். கார்டியாலஜி பொருளில் கார்டியோ, லஜி. சொல்லும்போது கார்-டி-ஆல்-அ-ஜி, அழுத்தம் ஆல் என்பதில். ஹெலிகாப்டரை எல்லோரும் ஹெலி, காப்டர் என்று உடைப்பார்கள், உண்மையில் அது ஹெலிகோ என்ற சுருளும் ப்டர் என்ற இறக்கையும் சேர்ந்தது. ஆனாலும் ஹெலிபேட் என்று ஒரு சொல் வந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும்.

## எப்போது நம் கையை விட்டு வெளியே போக வேண்டும்

மேலே சொன்னதை எல்லாம் தினமும் கொஞ்ச நேரம் செய்தும் ஒரு பருவம் முழுக்க அசைவே இல்லை என்றால் டியூஷனை மாற்றுவதில் பயனில்லை. செலவு குறைந்ததில் தொடங்கி இப்படிப் போங்கள்.

முதலில் கண். வரி தாவுகிறது, புத்தகத்தை மூக்கோடு வைக்கிறது, தலைவலி என்கிறது என்றால் கண் பரிசோதனைக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அடுத்தது காது, குறிப்பாக அடிக்கடி காதில் சீழ் வந்த பிள்ளைகளுக்கு.

கண்ணும் காதும் சரி, தமிழிலும் தடுமாற்றம், தன் பெயரையே காதால் கேட்டுக் கை தட்டி அசை எண்ண வரவில்லை, மூன்றாம் வகுப்பு தாண்டியும் எழுத்து இடவலம் மாறுகிறது, வீட்டில் வேறு யாருக்கும் சின்ன வயதில் வாசிக்கக் கஷ்டம் இருந்தது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் டிஸ்லெக்ஸியாவா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தும் ஓசையும் பெரும்பாலும் பொருந்திப் போவதால் சில பிள்ளைகள் தமிழில் சமாளித்துவிடும், இங்கிலீஷில்தான் வெளியே தெரியும். அதனால் தமிழ் சுமாராக வாசிக்கிறது என்பதை மட்டும் வைத்து இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சோம்பேறி என்று திட்டுவதை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைப் பார்க்கலாம், காசு கிடையாது. பள்ளிக்கு வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு பதினெட்டு வயது வரை பார்க்கிறது, அவர்களிடமும் சொல்லி வையுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டி, மதிப்பீட்டுக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்கலாம். தனியார் மனநல நிபுணரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ போவது இவ்வளவுக்கும் அப்புறம். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது, சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரை காத்திருந்துவிட்டு ஓட வேண்டாம்.

நேற்று வரை வாசித்த பிள்ளை காய்ச்சலுக்கோ வலிப்புக்கோ தலையில் அடிபட்டதற்கோ பிறகு திடீரென்று வாசிக்கத் தடுமாறினால் இந்தப் பட்டியல் எதுவும் பார்க்காதீர்கள், அன்றைக்கே டாக்டர்.

போகும்போது மார்க் ஷீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வெட்டுக்கோடு போட்ட நோட்டு, பிள்ளை தமிழில் ஒரு பத்தியும் இங்கிலீஷில் ஒரு பத்தியும் வாசிப்பதை போனில் பதிவு செய்தது, எந்தத் தேதியில் இருந்து என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு சின்னக் குறிப்பு. பதிவு செய்யும்போது நடுவில் திருத்தாதீர்கள், தடுக்கும் இடம் அவர்களுக்குக் கேட்க வேண்டும்.